ஆறு போல்ட்டும் ஒரு தட்டுச் சுண்ணாம்பும்

"ஐயோ... உள்ள ஆளு கெடக்கு!"

வெல்டர் பழனிச்சாமி போட்ட அலறலில் அந்தத் தேயிலை ஃபேக்டரியே வெளியே ஓடி வந்தது!

1936. ஆவணி மாதம். ஏலப்பாறை மலை. காலை ஏழு மணி.

ஆள் நுழையும் அகலத்தில் ஒரு நீராவிக் குழாய். அதன் மூடியிலிருந்த ஆறு போல்ட்டையும் பழனிச்சாமி அப்போதுதான் கழற்றியிருந்தான்.

உள்ளே குப்புறக் கிடந்தார் கங்காணி கருத்தப்பாண்டி.

காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். கத்திக்குத்து இல்லை. கயிற்றுத் தடம் இல்லை. கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை!

உயிரும் இல்லை.

பீர்மேட்டிலிருந்து இன்ஸ்பெக்டர் ஈஸ்வரமூர்த்தி வந்து சேர மணி பதினொன்று ஆகிவிட்டது. பாதி வழியில் பஸ் படுத்துவிட்டது. மிச்சம் நாலு மைல் நடை. மழை. சேறு. வயது ஐம்பத்து நாலு. சொந்த ஊர் எருத்தேன்பதியில் கடலைக்காடு காத்துக் கிடக்க, மனிதர் இங்கே நனைந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க, உக்கார ஒரு பெஞ்சு கெடைக்குமுங்களா? செத்தவருக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க."

உட்கார்ந்தார். முழங்காலைத் தேய்த்தார். பிணத்தின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். கொப்புளங்கள்!

கான்ஸ்டபிள் வேதமுத்து டீ கொண்டுவந்தான். இன்ஸ்பெக்டருக்கு ஒன்று. ஃபேக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீ மேக்கர் நல்லதம்பிக்கு ஒன்று.

"எனக்கு வேண்டாம்" என்றார் நல்லதம்பி, கோட்டுப் பையில் விட்ட கைகளை எடுக்காமல். மலைக் குளிர் அப்படி!

"கேஸ் ரொம்ப சிம்பிள் சார்" என்று அவரே தொடர்ந்தார். "போன வாரம்தான் கங்காணிக்கும் இந்தப் பழனிச்சாமிக்கும் அடிதடி. நேத்து சாயங்காலம் இவன் இந்தக் குழாய்ல போல்ட் முடுக்கினதை என் கண்ணால பாத்தேன்!"

"பொய்யி... அம்புட்டும் பொய்யி!"

கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து விழுந்தாள் முத்துப்பேச்சி. பழனிச்சாமியின் மனைவி. இடுப்பில் கைக்குழந்தை.

"எசமான்! நேத்து அவுக காய்ச்சலோட எங்க லயத்து வீட்டுல படுத்துக் கெடந்தாக! அவுகளைத் தூக்குல போட்டுட்டீகன்னா நானும் எம்புள்ளையும் மண்ணைத்தான் திங்கணும்!"

"பொண்டாட்டி சாட்சியைக் கோர்ட்டுல யாரும்மா நம்பறாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர் அலுப்போடு. "ஏப்பா பழனிச்சாமி, வெறுங்குழாயை எதுக்குப் பூட்டி வெச்சே? உள்ளே என்ன, புதையலா?"

"துருவுக்குப் பயந்துதாய்யா!" என்றான் பழனிச்சாமி. "பத்த வெச்ச எடம் பச்சைப் புண்ணு மாதிரி. ஈரம் பட்டா உள்ளுக்குள்ளயே துரு புடிச்சிரும். அந்தத் துருவை ஆவி அள்ளிட்டுப் போயி வால்வை அடைச்சா... ஃபேக்டரியே வெடிச்சிரும்யா! மழைக்கு வேலை நின்னுச்சா... ஆனி மாசமே ரெண்டு குழாய்க்கும் உள்ள எண்ணெய் தடவி, ஈரத்தைக் குடிக்கத் தட்டுல சுட்ட சுண்ணாம்புக்கல்லு வெச்சு மூடிட்டேன். நாளைக்கு என்ஜினியர் பாக்க வாராரு. அதான் இன்னிக்குத் தொறந்தேன்."

"ஸ்பானர் யாருகிட்ட இருக்கும்?"

"ஷெட்டுலதான்யா தொங்கும். யாரு வேணா எடுக்கலாம்."

இன்ஸ்பெக்டர் லாந்தரைக் குழாய்க்குள் நீட்டினார். உட்சுவர் முழுக்கச் செக்கச்செவேலென்று துரு!

"இவ்வளவு பாடுபட்டும் துரு புடிச்சிருக்குதே?"

எட்டிப் பார்த்த பழனிச்சாமி தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ... சுண்ணாம்பு இல்லாமக் கெடந்திருக்குய்யா!"

"தட்டு நெறையா இருக்குதேப்பா."

"அது கல்லாவுல்ல இருக்கு! ரெண்டு மாச ஈரத்தைக் குடிச்சிருந்தா மாவா உதிர்ந்திருக்கணும்யா!"

இன்ஸ்பெக்டர் தட்டை வெளியே இழுத்தார். மிச்சமிருந்த டீயை அதில் கவிழ்த்தார்.

ஸ்ஸ்ஸ்ஸ்!

புகை கிளம்பியது. கல் கொதித்து வெடித்தது. நேற்று வைத்த புதுச் சுண்ணாம்பு!

"அந்த ரெண்டாவது குழாயைத் தொறங்க. யாரும் தலையை விட்றாதீங்க!"

திறந்தார்கள். லாந்தரை மூங்கில் கழியில் கட்டி உள்ளே விட்டார் இன்ஸ்பெக்டர். சுடர் சுருங்கியது... அணைந்தது!

மறுபடி ஏற்றினார். மறுபடி அணைந்தது!

"எங்கூர்ல பாழுங்கெணத்துல எறங்கறதுக்கு முன்னால வெளக்கு உட்டுப் பாப்போமுங்க. வெளக்கு அணைஞ்சா மனுசனும் அணைஞ்சிருவான். கங்காணியைக் கொன்னது கத்தியில்ல, துரு. மூடின குழாய்க்குள்ளே இருந்த காத்தையெல்லாம் அதுவே தின்னுபோட்டுது."

கழியாலேயே உள்ளிருந்த தட்டை இழுத்தார். காலி!

நல்லதம்பியின் முகம் மலர்ந்தது.

"அப்ப இது விபத்துதான் சார்! பாவம் கங்காணி. தானா உள்ள போயி மூச்சு முட்டி..."

"ஆமாங்க. செத்தப்பறம் எந்திரிச்சு வெளிய வந்து, ஆறு போல்ட்டையும் முடுக்கிட்டு, மறுபடி உள்ளே போயிப் படுத்துட்டாரு. ரொம்பப் பொறுப்பான மனுசனுங்க!"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"வேதமுத்து, வெலங்கை எடு. பழனிச்சாமி, கையை நீட்டு."

"எசமான்... வேண்டாம் எசமான்!" முத்துப்பேச்சி வீறிட்டாள். குழந்தையும் வீறிட்டது.

நீட்டிய கைகளை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலங்கை மாட்டவில்லை.

"டீ மேக்கர் சார், நீங்கதான் முக்கிய சாட்சி. இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடுங்க."

நல்லதம்பி கைகளைக் கோட்டுப் பைக்குள் இன்னும் ஆழமாக நுழைத்தார்.

"நீங்களே... எழுதிக்குங்க சார்."

"உங்க கையெழுத்தை நான் போட்டா என்னையல்லங்க உள்ளே தள்ளுவாங்க? வேதமுத்து, சாருக்குக் குளிருது போல. கையைக் கொஞ்சம் வெளிய எடுத்துக் குடு."

வேதமுத்து இழுத்தான். நல்லதம்பி திமிறினார்... "ஆ!"

வெளியே வந்த இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்!

"நனைஞ்ச கையில சுட்ட சுண்ணாம்பைத் தூக்கினா இப்படித்தானுங்க வெந்து போகும். கங்காணி கையிலயும் இதேதான். பழனிச்சாமி கையில வெறும் காய்ப்புதான் இருக்குது. ரெண்டாவது தட்டை ரொப்ப உங்க கை ஒத்துழைக்கலையாட்ட இருக்குதுங்களே?"

நல்லதம்பி அதே பெஞ்சில் சரிந்தார்.

"புதுத் துரை வர்றார்னு பங்களாவுக்கு வெள்ளையடிச்சேன் சார். சுண்ணாம்பு பத்தலை. ஆனியிலேயே, மூடின மறுநாளே ரெண்டு குழாய்லேருந்தும் எடுத்துட்டு மறுபடி மூடிட்டேன். கங்காணிதான் கூட நின்னான். இப்ப என்ஜினியர் வர்றார்னதும், எல்லாத்தையும் சொல்லிருவேன்னு மிரட்டினான். கெஞ்சிக் கூத்தாடித் திருப்பி வைக்கக் கூட்டிட்டு வந்தேன். உள்ள போனவன்... சத்தமில்லாமச் சாஞ்சுட்டான்."

"கால் வாசல்லயேதான இருந்துச்சு? உடனே இழுத்திருந்தாப் பொழச்சிருப்பாருங்களே?"

நல்லதம்பி தலை குனிந்தார்.

"பொழச்சிருந்தா... பேசியிருப்பான் சார்."

தகரக் கூரையில் மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

முத்துப்பேச்சி புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு இன்ஸ்பெக்டரின் காலில் விழப் போனாள்.

"விழுகாதம்மா. தூக்கி நிறுத்தறதுக்கு என் இடுப்புல சத்தில்லை."

தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். வாசலில் அதே மழை. அதே நாலு மைல்.

"வேதமுத்து, சாருக்கு வெலங்கைத் தளர்வாவே மாட்டுப்பா. கொப்புளம் ஒடைஞ்சா அதுக்கும் நான்தான் ரிப்போர்ட் எழுதோணும்!"