வழி சொன்ன சட்டைகள்

அந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் ஆறு ரொம்பச் சாது. அதில் ஓர் இலையைப் போட்டால், எந்தப் பக்கம் போவதென்று அது அரை நாள் யோசிக்கும். ஆற்றங்கரைச் சாலையும் அப்படித்தான். ஏற்றம் உண்டு. ஆனால் ஏறி முடித்த பிறகுதான் அது ஏற்றம் என்று தெரியவரும். சைக்கிள் ஓட்டுவதற்கென்றே யாரோ இஸ்திரி போட்டு வைத்த சாலை.

அந்தச் சாலையின் கடைசி ஊரில், ஒரே அறைக்குள் இரண்டு கடைகள் இருந்தன. இடது பாதி அப்பாவின் சைக்கிள் கடை. வலது பாதி அம்மாவின் சலவைக் கடை. நடுவே தரையில் ஒரு வெள்ளைக் கோடு. கிரீஸ் கையோடு அப்பா அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

அப்பா தினமும் தாண்டுவார்.

“சும்மா தொட்டுப் பாத்தேன்” என்பார். வெள்ளைச் சட்டையின் காலரில் கருப்பாக ஒரு கட்டைவிரல் தடம் உட்கார்ந்திருக்கும். சட்டைக்காரர் வந்து பார்ப்பார். “நீங்களே வச்சிக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டார்.

கறை படாத சட்டைகளிலும் ஒரு சிக்கல் இருந்தது. அம்மா கஞ்சி போட்டால் சட்டை தானாக எழுந்து நிற்கும். ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காரப் பார்த்தார். சட்டை சம்மதிக்கவில்லை.

இப்படியாக அலமாரி நிறைந்தது. கடை காலியானது.

இவர்களுடைய மகளை ஊரில் எல்லோரும் பெடல் என்று கூப்பிட்டார்கள். தூக்கத்தில்கூட அவள் கால்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் மூன்று போர்வைகள் கிழிந்துபோயின.

அந்த வருஷம் நகரத்துச் சைக்கிள் குழு புதிய பாதை ஒன்றைத் தேடியது. குழுத்தலைவர் ஒரு பல் டாக்டர். “ஒரு நாள் இந்தக் கரையில ஓட்டிப் பாக்குறோம். உங்க ஊருக்கு வந்து சேந்தா, வருஷம் பூரா இங்கதான் வருவோம். சரிப்பட்டு வரலேன்னா அக்கரை” என்று சொல்லியிருந்தார்.

“அக்கரைக்குப் போயிட்டா நாம கடையைச் சாத்திட்டு உன் சித்தப்பா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்” என்றார் அப்பா.

சித்தப்பாவின் வீடு நகரத்தில் ஆறாவது மாடியில் இருந்தது. அங்கே இடம் குறைவு. ஒருவர் கொட்டாவி விட்டால் இன்னொருவர் வெளியே போக வேண்டும். சைக்கிளுக்கு இடமே கிடையாது.

“என் சைக்கிள்?” என்று பெடல் கேட்டாள்.

அப்பா ஒரு ஸ்பானரைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த ஸ்பானர்.

வழி தெரிவதற்காக ஒவ்வொரு பிரிவிலும் சாலையில் அம்புக்குறி போடச் சொல்லியிருந்தார் டாக்டர். பெயிண்ட் கூடாதாம். அப்பா சுண்ணாம்புத் தூளைக் கரைத்தார். அது ஒட்டவில்லை.

“நம்ம கஞ்சியைக் கலந்து பாருங்க” என்றார் அம்மா. “என் கஞ்சி ஒரு இடத்துல ஒக்காந்தா எந்திரிக்காது.”

அப்பா கலந்தார். அற்புதமாக ஒட்டியது. மாலைக்குள் எல்லாப் பிரிவுகளிலும் அம்பு போட்டாயிற்று. பல வருஷங்களில் முதல்முறையாக இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை. குழு வரும் நாள். அம்புக்குறிகளைப் பார்த்துப் பெருமைப்பட்டுவிட்டு வரலாம் என்று பெடல் கிளம்பினாள். பக்கத்துப் பிரிவுக்குப் போனாள். அங்கே அம்பு இல்லை. ஓர் ஆடு இருந்தது. அதன் வாயைச் சுற்றி வெள்ளை. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்பதுபோல் அவளைப் பார்த்தது.

அடுத்த பிரிவிலும் ஆடுகள். சாலையை அவ்வளவு சுத்தமாக யாரும் நக்கியதில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னாள்.

“உன் கஞ்சியாலதான்!” என்றார் அப்பா.

“உங்க சுண்ணாம்பு மட்டும் இருந்திருந்தா காத்துலயே போயிருக்கும்!” என்றார் அம்மா. பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். “முடிஞ்சுது. அவங்க இந்நேரம் கிளம்பியிருப்பாங்க.”

அப்பா கோட்டின் இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம். கடையில் முதல்முறையாகப் பெடலின் கால்கள்கூட அசையாமல் இருந்தன.

அப்போதுதான் அவள் அலமாரியைப் பார்த்தாள். யாரும் வாங்க வராத சட்டைகள் விறைப்பாக நின்றுகொண்டிருந்தன. ஒன்றின் கை அலமாரிக்கு வெளியே நீண்டு வாசலைக் காட்டியது.

“அம்மா, இவங்களைக் கூட்டிட்டுப் போகட்டுமா?”

“யாரை?”

“சட்டைங்களை. பாவம், இவங்களும் எவ்வளவு நாள்தான் சும்மா நிப்பாங்க?”

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. “எடுத்துட்டுப் போ. இனிமே அதுங்களை வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?”

கேரியரில் சட்டைகள் வரிசையாக ஏறின. மடிக்க முடியாததால் நின்றுகொண்டே வந்தன. வழியில் எதிர்ப்பட்ட பால்காரர் சைக்கிளை ஓரம் கட்டினார்.

“என்ன பெடலு, குடும்பத்தோட கிளம்பிட்ட?”

“இவங்க எல்லாம் வேலைக்குப் போறாங்க அண்ணே!”

முதலில் பக்கத்துப் பிரிவு. அங்கிருந்த கைகாட்டிக் கல்லில் எழுத்து அழிந்து பல காலம் ஆகியிருந்தது. பெடல் கல்லுக்குச் சட்டையை மாட்டிப் பொத்தான்களைப் போட்டாள். ஒரு கையைப் பின்னால் மடித்துக் கட்டினாள். இன்னொன்றை ஊரின் பக்கம் நீட்டினாள். கல் ஒரு முக்கியமான மனிதரைப்போல் ஆகிவிட்டது.

அவள் நகர்ந்ததும் ஆடு வந்தது. சட்டையின் ஓரத்தைக் கடித்தது. மெல்ல மேலே போய்க் காலரை நக்கியது. அப்பாவின் கட்டைவிரல் தடம் நாக்கில் பட்டதும் தும்மியது. இன்னொரு முறை தும்மிவிட்டு, மனம் கசந்து போய்விட்டது.

சைக்கிள் பையில் அப்பா வைத்த கிரீஸ் டப்பா எப்போதும் இருக்கும். பெடல் அதைத் திறந்தாள். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, வெள்ளைச் சட்டையின் விளிம்பு முழுவதும் தடவினாள்.

ஒவ்வொரு பிரிவாக இப்படியே போனாள். நகரத்துக்கு அருகில் இருந்த கடைசிப் பிரிவுக்கு வந்தபோது ஒரே ஒரு சட்டை மிச்சம். ஒரு பயில்வானுடையது. அதை இறக்கும்போதுதான் தரையைப் பார்த்தாள்.

ஈர மண்ணில் டயர் தடங்கள். நிறையத் தடங்கள். எல்லாம் நாணல் காட்டுப் பாதையில் போயிருந்தன.

தவறான பாதை. அவர்கள் முன்பே போய்விட்டார்கள்.

பெடல் சாலையோரம் உட்கார்ந்து அழுதாள். ஆறு அவளைக் கடந்து போகக்கூடத் தயங்கியது. துரத்தலாமா? அவர்களுடைய சைக்கிள்கள் பறப்பவை. இவளுடையதில் சங்கிலி மட்டும்தான் வேகம். அடிக்கடி கழன்று ஓடும்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். நாணல் பாதை சுற்றிச் சுற்றிப் போய்க் கடைசியில் ஆற்றில் முடியும். அங்கே பாலம் இல்லை, படகு இல்லை. போனவர்கள் திரும்பினால் இந்த இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். அதற்குமேல் வீட்டுக்குப் போவதா, பெடலின் ஊருக்கு வருவதா என்பது அவர்கள் இஷ்டம்.

பயில்வான் சட்டையைக் கல்லுக்கு மாட்டினாள். காலரைச் சரிசெய்தாள்.

“உங்களை நம்பித்தான் போறேன்” என்று அதனிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

கடை வாசலில் மேசை போட்டு, குடிக்கத் தண்ணீர் வைத்து மூவரும் காத்திருந்தார்கள். மதியம் வந்தது. போனது. தண்ணீரில் ஓர் ஈ நீந்திக் களைத்தது. வெயில் சாய்ந்தது. அப்பா எழுந்து ஸ்பானர்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினார். அம்மா இஸ்திரிப்பெட்டியைத் துணியில் சுற்றினார். பெடல் தன் சைக்கிளின் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தாள். கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்றுதான்.

அதற்குப் பதிலாக இன்னொரு மணி அடித்தது.

தெருமுனையில் பல் டாக்டர் வந்தார். இடுப்புவரை சேறு. தலையில் நாணல். பின்னால் குழு முழுவதும் அதே கோலம்.

“சேத்துல விழுந்து எந்திரிச்சு, போதும்டா சாமின்னு வீட்டுக்குத் திரும்பிட்டோம்மா” என்றார் மூச்சு வாங்க. “பிரிவுல ஒரு பெரிய மனுஷன் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. ‘நன்றி சார்’னேன். பதிலே இல்ல. கோவக்காரர் போலன்னு பயந்து, அவர் சொன்ன பக்கமே வந்தோம். அடுத்த பிரிவுல பாத்தா அவர் தம்பி நிக்கிறாரு!”

“அது சட்டை சார்” என்றாள் பெடல்.

“நாலாவது தம்பி கிட்டதான் எங்களுக்கே தெரிஞ்சுது” என்றார் டாக்டர். “அம்புக்குறின்னா பாதிப் பேரு பாக்காமலே போயிடுவாங்க. கையை நீட்டி நிக்கிறவரை யாரு மீறுவா? பாதை இந்தக் கரையிலதான். ஆனா அவங்க எல்லாரும் அங்கேயே நிக்கணும்.”

அம்மாவின் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் சேறு படிந்த அத்தனை சட்டைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் கழட்டுங்க” என்றார்.

அப்பா சந்தோஷத்தில் கைகளை விரித்தபடி ஓடிவந்தார்.

“கோடு!” என்று அம்மாவும் பெடலும் ஒரே குரலில் கத்தினார்கள். அப்பா கோட்டின்மேல் ஒற்றைக் காலில் நின்றார்.

சட்டைகள் இன்னும் அங்கேதான் நிற்கின்றன. போன வாரம் நானும் அந்தப் பக்கம் சைக்கிளில் போனேன். பயில்வான் சட்டை இடதுபக்கம் காட்டியது. என்னதான் ஆகும் பார்ப்போம் என்று நான் வலதுபக்கம் திரும்பினேன். பின்னாலிருந்து யாரோ என் காலரைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், காலரில் கருப்பாக ஒரு கட்டைவிரல் தடம்.