கணிப்புக்கு அடங்காதவை

ஆயுதபூசையன்று காலை ஒன்பது மணிக்குத் திருச்செங்கோடு – சங்ககிரி சாலையில் ஓடிய ஓட்டுநரில்லாத் தானோடிகள் எல்லாம் தம்முள் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றன. யாரும் முணுமுணுக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நடப்பதுதான். அர்த்தநாரி வண்டி எடுக்கிறார்.

அன்றைய மனிதர்களில் பலர் ஸ்டியரிங்கைக் கண்டதே இல்லை. சாலைமூளை என்ற ஒற்றை அறிவு எல்லாத் தானோடிகளையும் ஓட்டியது. ஒவ்வொன்றும் அடுத்த ஒன்றரை நிமிடத்தில் எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே கணித்து வைத்திருந்தது. விபத்து என்ற சொல்லே வழக்கொழிந்துவிட்டது. பரம்பரை வண்டிகளை மட்டும் ஆண்டுக்கு ஒரு நாள் மனிதக் கையால் ஓட்டலாம் என்று அரசு அனுமதித்திருந்தது.

அர்த்தநாரிக்கு எழுபத்தெட்டு வயது. அவருடைய வண்டி, பூட்டனார் வாங்கிய பிக்கப். பெரும்பஞ்சத்தில் அதில்தான் அவர் ஏழு ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனார். டீசல் கிடைக்காத காலத்தில் அர்த்தநாரி தன் தோட்டத்துப் புங்க மரங்களிலிருந்து எண்ணெய் எடுத்துக் காய்ச்சி ஊற்றினார். சனிக்கிழமை தோறும் எஞ்சினை எழுப்பிக் கால் மணி நேரம் உறுமவிட்டார். வலப்பக்க மட்கார்டில் தண்ணீர்ப் பீப்பாய் மோதிய நெளிவு ஒன்று இருந்தது. அதை நிமிர்த்தித் தருவதாகச் சொன்ன இயந்திரனை அவர் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

"பாத்தியா பாவாயி? எங்க பூட்டன் தண்ணி கொண்டுட்டுப் போறப்பவும் சனம் இப்படித்தான் ஒதுங்கி நின்னுச்சாம்" என்றார் நிமிர்ந்த முதுகோடு.

"உங்க குடும்பம்னா சும்மாவாங்க மாமா" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

பாவாயிக்கு அந்தப் பயணத்தில் வேறொரு ஆசையும் இருந்தது. தானோடியில் ஏறினால் அவளுக்குத் தலைசுற்றி வாந்தி வரும். பிக்கப்பின் முன்சீட்டில் மட்டும் வராது. ஆகையால் சங்ககிரியில் மகள் வீட்டுக்கு அவள் போவது இந்த ஒரு நாள்தான். மகள் வந்து போவாள். ஆனால் மகள் வீட்டில் உட்கார்ந்து மகள் போடும் சோற்றைத் தின்பது வேறல்லவா?

மறுநாள் சாலைமூளை நிலையத்திலிருந்து நறுமுகை என்ற அதிகாரி வந்தாள். அர்த்தநாரி கொட்டகையில் வண்டிக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தார். பாவாயிதான் வாசலில் நின்று கேட்டாள்.

"நல்ல சேதிங்க அம்மா. ஐயா ஓட்டறத சாலைமூளை முழுசாப் படிச்சிருச்சு. இனி அவரு தெனமும் வண்டி எடுக்கலாம். பட்டியல்ல இருந்து பேர எடுத்தாச்சு."

"என்ன பட்டியலுங்க அம்மிணி?"

நறுமுகை தன் உள்ளங்கையில் ஒளிர்ந்த பட்டியலைக் காட்டினாள். 'கணிப்புக்கு அடங்காதவை, கண்டால் ஒதுங்கவும்' என்ற தலைப்பின் கீழ் வெள்ளம், நிலச்சரிவு, யானைக்கூட்டம் என்று இருந்தது. நான்காவதாகக் குறுக்கே கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது அர்த்தநாரியின் பெயர்.

"அப்ப வண்டியெல்லாம் ஒதுங்கினது…?"

"பயத்துலதானுங்க. மொதல்ல எல்லாம் ஐயா ஜன்னல் வழியா கைய நீட்டி ஆட்டுவாரு. திரும்பறதுக்கா, நம்மள முந்திப் போகச் சொல்றதுக்கா, இல்ல வெத்தல துப்பறதுக்கா, ஒண்ணும் வெளங்கல. தோள்வலி வந்து அவரு கை நீட்டறத விட்டப்புறம்தான் படிக்க முடிஞ்சுது."

பாவாயி கொட்டகையின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அவருகிட்ட இந்தப் பட்டியலச் சொல்ல வேண்டாங்க கண்ணு. தெனமும் ஓட்டலாம்னு மட்டும் நான் சொல்லிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். மகள் வீட்டில் முருங்கைக்கீரை அடை என்று சொல்லியிருந்தார்கள். அர்த்தநாரி வெள்ளை வேட்டி உடுத்தி, பிக்கப்பை மெதுவாகச் சாலையில் ஏற்றினார்.

ஒரு தானோடியும் ஒதுங்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் இருந்த ஒன்று சாவகாசமாக அவரை முந்திச் சென்றது. அடுத்து, முட்டை ஏற்றிய ஆளில்லாப் பெட்டி ஒன்று முந்தியது.

"முட்ட வண்டி" என்றார் அர்த்தநாரி. "நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டேன் பாவாயி? பேருக்கு ஏதாச்சும் கெடுதல் வந்திருச்சா?"

அவருடைய முதுகு வளைந்திருந்தது. ஐம்பத்திரண்டு ஆண்டு மணவாழ்வில் பாவாயி அதைக் கண்டதில்லை. தூரத்தில் சங்ககிரி மலை தெரிந்தது. வாரந்தோறும் அங்கே போகலாம். பேசாமல் இருந்தால் போதும்.

அவள் தன் பக்கத்து ஜன்னலை இறக்கினாள். வளையல் அணிந்த இடக்கையை முழங்கைவரை வெளியே நீட்டினாள். மேலே தூக்கி, கீழே தாழ்த்தி, விரல்களை விரித்து, ஒரு சுழற்றுச் சுழற்றினாள். நூறாண்டுகளுக்கு முன்னால் அதே சாலையில் எல்லாரும் அப்படித்தான் கை நீட்டினார்கள். அதற்கு என்ன பொருள் என்று அன்றும் யாருக்கும் தெரியாது.

சாலைமூளை ஒரு கணம் திகைத்தது. பிறகு கண்ணுக்கெட்டிய தொலைவு வரை தானோடிகள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒதுங்கின. முட்டைப் பெட்டி வேப்பமரத்தடியில் பதுங்கி நின்றது.

அர்த்தநாரியின் முதுகு நிமிர்ந்தது. "இப்பத்தான் வண்டி யாருதுன்னு தெரிஞ்சிருக்குது" என்றார். "நீ எதுக்குக் கைய நீட்டுனே?"

"காத்து வாங்கலாம்னுதானுங்க மாமா."

எதிரே வருபவன் ஒதுங்குவது மரியாதையாலா, பயத்தாலா என்று வண்டிக்குள் இருப்பவர் எந்தக் காலத்திலும் விசாரித்ததில்லை. அர்த்தநாரி, ஒதுங்கி நின்ற ஒவ்வொரு தானோடிக்கும் தலையசைத்தபடி சங்ககிரிக்கு வண்டியை ஓட்டினார். பாவாயி மகள் வீட்டில் இரண்டு அடை கூடுதலாகத் தின்றாள். இனி அடுத்த ஆயுதபூசைக்குத்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் நினைத்தபடியே அடுத்த வாரம் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. "பெரிய வண்டிய தெனமும் எடுத்தா மதிப்புக் கொறைஞ்சிருமாம். வருசத்துக்கு ஒருநாளே போதும்னு எழுதியிருக்காங்க" என்று வாசித்துச் சொன்னாள்.

"அதுதானே மொறை" என்றார் அர்த்தநாரி, எண்ணெய்த் துணியால் மட்கார்டின் நெளிவைத் துடைத்தபடி.

கடிதத்தோடு திருத்திய பட்டியலும் வந்திருந்தது. பாவாயி அதை நான்காய் மடித்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். அதில் முதலில் வெள்ளம். அடுத்து நிலச்சரிவு. மூன்றாவதாகப் பாவாயி. யானைக்கூட்டம் அதற்குப் பிறகுதான்.