சுவிட்சை அணைத்தவள்

மழை என்றாலே புஷ்பராணிக்கு இன்றும் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டின் அந்த மாலைதான்...

மலேசியாவின் பினாங்கில் பல்கலைக்கழகக் கணினி அறை. வெளியே இடி, மின்னல். ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்த கணினியைப் பார்த்தவள், கெட்டுப்போகுமே என்று சுவிட்சை அணைத்தாள்.

"ஐயோ! கொன்னுட்டீங்களே!"

வாசலில் சொட்டச் சொட்ட ஒருவன். நனைந்த இமைகளுக்குள் அப்பப்பா... எத்தனை கோபம்!

"யாரை?"

"உள்ள இருந்ததுங்களை! தன்னைத்தானே காப்பி எடுக்கிற குட்டி புரோகிராம்ங்க. அதுல உயிர் மாதிரி ஏதாச்சும் வருதான்னு கண்டுபிடிக்கிறதுதான் என் ஆய்வு."

"மின்னல்ல கம்ப்யூட்டரே போயிருந்தா? தேங்க்ஸ் சொல்லுங்க லா!"

அவன் அர்ஜுனன். பைராம் தோட்டத்துத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை.

மனம் கேட்காமல் மறுநாளும் போனாள். அவள் புள்ளியியல் மாணவி.

"எது பிழைக்கணும்னு குலுக்கல்ல முடிவாகிற மாதிரி இன்னொரு உலகம் ஓட விடுங்க. அதுல வராத அளவுக்கு இதுல ஒரு வகை பெருகி நின்னா... அது தற்செயல் இல்ல, உயிரோட அடையாளம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இப்போது அந்தக் கண்களில் கோபமில்லை... அவளுக்குத்தான் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இரண்டு உலகங்களின் வளர்ச்சிக் கோடுகளும் திரையில் தெளிவாய் விலகிய அன்று, இருவரும் குழந்தைகளாய்க் கை தட்டினார்கள். அன்றே அவளை வீட்டில் விட வந்தான்.

வாசலிலேயே மறித்து ஊர் விசாரித்தார், யாழ்ப்பாண வழிவந்த அப்பா விஸ்வலிங்கம். "தோட்டத்துப் பொடியனோ? இனி இஞ்ச வர வேண்டாம்."

அர்ஜுனன் மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். அதன்பின் கணினி அறைப்பக்கமே வரவில்லை. ஆய்வை விட்டுவிட்டுப் பாயான் பாருவில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டானாம்.

பல நாள் அழுதவள், ஒருநாள் அப்பா முன் போய் நின்றாள்.

"கல்யாணப் பேச்சு இல்லப்பா. வீடு தேடி வந்தவரை வாசல்லயே விரட்டினது சரியா?"

மறுநாள் அப்பா காரை எடுத்து, "ஏறு" என்றார்.

தொழிற்சாலை வாசல். வேலை முடிந்து வந்த அர்ஜுனன் திகைத்து நின்றான். விஸ்வலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"நான் கதைச்சது பிழை, தம்பி. வீட்டுக்கு வாங்கோ."

சொல்லிவிட்டு விறுவிறுவெனக் காருக்குப் போய்விட்டார்.

"ஆய்வை ஏன் விட்டீங்க?" என்றாள் அவள்.

"அந்த ரூமுக்குள்ள நுழைஞ்சா... கண்ணு உங்களைத்தான் தேடுது." அவன் குரல் இறங்கியது. "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு, ராணி. அன்னிக்கு உங்க அப்பாகிட்ட அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"எனக்கும்தான்..." கன்னம் சிவக்க அவன் கையைப் பற்றினாள். "வாங்க. கார்லதான் இருக்காரு. இப்பவே சொல்லுங்க."