பதினோரு பாஸ்போர்ட்டும் கொம்புத்துறையும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மொர்சானா தீவின் வடக்குத் துறைமுகத்தில் இருந்தவர்கள்:

சிலுவைப்பிச்சை. வயது நாற்பத்தாறு. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். சொந்தக் கடலில் இருபத்தைந்து வருடம் வள்ளம் ஓட்டியவர். இங்கே ஒரு ஓட்டலில் தட்டு கழுவுகிறார்.

ஜெரோன். அதே கடற்கரை. ஸ்கூட்டரில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

பிரிஸ்கா. ஜெரோனின் சித்தி மகள். முதியோர் இல்லத்தில் வேலை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் தன் பாஸ்போர்ட்டோடு அனுமதி அலுவலகத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேலை அனுமதி ரத்து. அடுத்த விமானத்தில் ஊர்.

கார்வேந்தன். கரூர்க்காரன். அவனும் ஸ்கூட்டர்தான். கல்லூரியைப் பாதியில் விட்டவன். கடலைப் பார்த்தாலே குமட்டும்.

பதினெட்டடி மரப்படகு ஒன்று. உள்ளூர் மீனவர் ஸ்பிரிதுவுடையது. பிச்சை விடுமுறை நாட்களில் அவர் வலைகளைத் தைத்துக் கொடுப்பார். அதனால் கிடைத்தது. தீவை ஒரு முறை சுற்றி வரத்தான் டீசல். இரண்டாம் சுற்றுக்குச் சொட்டுக்கூடக் கிடையாது.

இல்லாதவர் ஒருவர்: ஏஜெண்ட் ஆல்ட்ரின். அவரைத் தேடித்தான் புறப்பாடு!

மத்தியதரைக் கடலின் அந்தத் தீவுக்கு அவர்கள் நாலு பேரையும் இன்னும் ஏழு பேரையும் கூட்டி வந்தவர் ஆல்ட்ரின். அவரும் குமரி மாவட்டத்துக்காரர்தான். இறங்கிய அன்றே பதினோரு பேரின் பாஸ்போர்ட்டுகளையும் வாங்கிக்கொண்டார். "பத்திரத்துக்கு வச்சிருக்கேன்" என்றார். பதினோரு பேருக்கும் ஒரே வீடு. அதில் எந்தக் கதவிலும் உள்தாழ்ப்பாள் இல்லை. முதல் மாதமே பிச்சை ஒரு தாழ்ப்பாள் வாங்கி வாசல் கதவில் மாட்டினார். ஆல்ட்ரின் அதைத் தன் கையாலேயே திருகிக் கழற்றி அவர் முன்னால் போட்டார்.

"என் வீட்ல எனக்கே தாழ்ப்பாளாலே?"

கதவில் நாலு ஓட்டைகள் மிச்சம். தாழ்ப்பாள் பிச்சையின் தகர டப்பாவில் கிடந்தது.

போன வியாழக்கிழமை ஆல்ட்ரினின் அலுவலகத்துக்குச் சோதனை வரப்போவதாகப் பேச்சு கிளம்பியது. அன்று மாலை அவர் ஜெரோனைக் கூப்பிட்டு, ஒரு இரும்புப் பெட்டியைத் தன் உல்லாசப் படகில் ஏற்றச் சொன்னார்.

"டைல்ஸ் சாம்பிள். பாத்துத் தூக்குலே."

பார்த்துத்தான் தூக்கினான். படகு போன பிறகு, பாஸ்போர்ட்டுகள் இருந்த அலுவலக அலமாரி காலியாகக் கிடந்தது. தன் பாஸ்போர்ட்டைத் தானே தோளில் சுமந்து வழியனுப்பியிருக்கிறான்!

பிரிஸ்கா போலீசில் புகார் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்கள். விசாரிக்கச் சில வாரம் ஆகும் என்றார்கள். ஆல்ட்ரின் போனில் சிரித்தார். "புதன்கிழமை வாறேன். அதுவரைக்கும் ஒழுங்கா வேலையப் பாருங்க."

"புதன்கிழமையா?" என்றாள் பிரிஸ்கா. "அவன் வரண்டாம். நாம போவோம்."

சனிக்கிழமை பகலில் சமையலறையில் திட்டம் போட்டார்கள். பிட்சா பெட்டியின் மூடியில் ஜெரோன் தீவை வரைந்தான். பார்க்க நசுங்கிய முந்திரிக்கொட்டை மாதிரி இருந்தது. துறைமுகம் இரண்டு, நங்கூரம் போடத் தோதான குடாக்கள் ஏழு. ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையாததால் ஸ்கூட்டர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் தங்கள் பெயரை வைத்திருந்தார்கள்: படிக்கட்டுத்துறை, மஞ்சப்பாறை, கோழிக்குடா, கொம்புத்துறை.

"ரெண்டு துறைமுகத்தையும் அடிச்சு விடு" என்றார் பிச்சை. "அங்க காயிதம் கேப்பான். இவன் பயந்து ஓடுத ஆளு, உள்ள போவமாட்டான். அந்தப் படகுக்குத் தீவச் சுத்த மட்டுந்தான் அனுமதி. அப்போ ஏதோ ஒரு குடாவுலதான் கெடக்கான்."

"ஏழுல எது?"

"காத்து சொல்லும். நாளைக்குக் கச்சான்."

கச்சான் என்றால் மேற்குக் காற்று. அவர்கள் ஊரில் கச்சான் அடித்தால் ஒதுங்க இடமே கிடையாது. கரை முழுக்க வாங்கிக் கட்டிக்கொள்ளும். தீவில் அப்படி இல்லை. எந்தப் பக்கம் அடித்தாலும் தீவுக்கு ஒரு முதுகு உண்டு. பிச்சை மேற்கே இருந்த நான்கு குடாக்களையும் கரித்துண்டால் அடித்தார். கிழக்கில் மூன்று மிஞ்சின. இருந்தாலும் ஏழு குடாக்களிலும் நுழைவதற்கு ஸ்பிரிது சொன்ன கரைக் குறிகளை ஓரத்தில் எழுதிக்கொண்டார்கள்.

"நான் எதுக்குங்ண்ணா?" என்றான் கார்வேந்தன்.

"உன்கிட்டதானலே நல்ல போன் இருக்கு. போட்டோ எடு."

"வாந்தியோட எடுக்கறனுங்க."

படகு புறப்பட்டது. கிழக்குக் கரை அமைதியாக இருந்தது. ஏழரைக்குப் படிக்கட்டுத்துறை. காலி! மஞ்சப்பாறையில் ஒரு பாய்மரப் படகு நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தால் வெள்ளைக்காரத் தம்பதி, காப்பி குடித்துக்கொண்டு. கை ஆட்டினார்கள். ஜெரோனும் வேறு வழியில்லாமல் ஆட்டினான். ஒன்பதரைக்குக் கோழிக்குடா. அங்கே கோழிகூட இல்லை.

எஞ்சினை அணைத்தார்கள். கார்வேந்தன் மட்டும் பக்கவாட்டில் தலையைத் தொங்கப்போட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கணக்கு சரிதானே!" என்றார் பிச்சை. "கச்சானுக்கு இதவிட ஒதுக்கு ஏது?"

"கணக்கு சரி, ஆளு தப்பு" என்றாள் பிரிஸ்கா. "நீங்க ரெண்டு பேரும் மீன்காரன் மாதிரி யோசிக்கீங்க. ஒங்களுக்கு ஒதுக்கு வேணும், ஒறக்கம் வேணும். அவனுக்கு அதா வேணும்? ஐஸ் இல்லாம ஒரு கிளாஸ் தண்ணி குடிப்பானா?"

ஜெரோன் நிமிர்ந்தான். ஞாயிறுதோறும் ஆல்ட்ரினுக்கு அவன்தான் கொண்டுபோவான். ரெண்டு பை ஐஸ், ஒரு முழு ஆட்டுத்தொடை. மாறவே மாறாது.

"அப்போ ஸ்கூட்டர் போற எடத்துலதான் நிப்பான்" என்றான். "லேய் கார்வேந்தா! எந்தக் குடாவுல ரோடு தண்ணி வரைக்கும் எறங்கும்?"

கார்வேந்தன் வாயைத் துடைத்துக்கொண்டு முதல்முறையாகத் தெளிவாகப் பேசினான்.

"கொம்புத்துறை ஒண்ணுதானுங்ண்ணா. மத்ததெல்லாம் படிக்கட்டு, இல்லீன்னா ஆட்டுத்தடம். அங்கதான் தார் ரோடு நேரா தண்ணிக்கே போகுது. பிரேக் புடிக்காம ஒருக்கா நானே உளுந்தனுங்க."

கொம்புத்துறை மேற்கே இருந்தது. கச்சானின் வாய்க்குள்!

"தெக்கு முனையச் சுத்தணும்" என்றார் பிச்சை. "அலை தலைக்கு மேல வரும். இப்பவே திரும்புனா மத்தியானம் வீடு. என்ன சொல்லுதீங்க?"

"வீட்ல என்ன இருக்கு?" என்றாள் பிரிஸ்கா. "நாலு ஓட்டை இருக்கு. திருப்பாதீங்க."

தெற்கு முனையைத் தாண்டியதும் காற்று முகத்தில் அறைந்தது. அலைகள் வரிசையாக வந்தன. படகு ஏறியது, விழுந்தது, மறுபடி ஏறியது. பிரிஸ்கா ஒரு பெயிண்ட் வாளியால் தண்ணீரை இறைத்தாள். ஜெரோன் தன் ஸ்கூட்டர் ஹெல்மெட்டால் இறைத்தான். கார்வேந்தன் போனை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் இறைத்தான். பிச்சை சிரித்தார்! தட்டு கழுவ வந்த இந்த இரண்டு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"வாலே! வா! ஒன்ன எங்க ஊர்லயே பாத்தாச்சு!"

கச்சானைத்தான் திட்டினார்.

பதினொன்றரைக்குக் கொம்பு தெரிந்தது. மாட்டுக் கொம்பு போல வளைந்த பாறை. வாசலில் வலது பக்கம் நீருக்கடியில் கல் உண்டு.

"குறி சொல்லு!"

"கோயில் கும்மட்டமும் தண்ணித் தொட்டியும்! ரெண்டும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வரணும்!" ஜெரோன் படகின் முன்னணியத்தில் நின்று கத்தினான். "இன்னும் இடது... இன்னும்... ஒண்ணாச்சு! விடுங்க!"

படகு கல்லை உரசாமல் நுழைந்தது. உள்ளே வெள்ளை உல்லாசப் படகு நின்றது.

நிற்கவில்லை. பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது! கொம்பைச் சுற்றி வளைந்து வந்த அலை அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. நங்கூரம் அடித்தரையைப் பிடிக்காமல் இழுபட்டது. பின்பக்கத்துக்கும் பாறைக்கும் நூறடிதான். மேல்தளத்தில் ஆல்ட்ரின் தனியாக, வீட்டுக் கைலியோடு, கம்பியைக் கட்டிப்பிடித்திருந்தார். முகம் பச்சையாக இருந்தது.

"காப்பாத்துங்கலே! மக்கா! பிச்சையண்ணே!"

இதுவரை அவர் பிச்சையை அண்ணன் என்று கூப்பிட்டதில்லை.

"விட்டுப்பிட்டு வேடிக்கை பாப்போமுங்களா?" என்றான் கார்வேந்தன்.

"பெட்டி உள்ள இருக்குலே, மடையா" என்றார் பிச்சை. பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "பெட்டி இல்லேன்னாலும் கடல்ல ஒருத்தன விட்டுட்டுப் போவமாட்டேன்."

அவரும் ஜெரோனும் தாவி ஏறினார்கள். மரப்படகைப் பிரிஸ்கா பிடித்துக்கொண்டாள். பிச்சை முன்பக்கம் ஓடிச் சங்கிலியைப் பார்த்தார். நேர் செங்குத்தாகத் தொங்கியது.

"கிணத்துல வாளி எறக்குன மாதிரி எறக்கியிருக்கானே! சங்கிலி படுக்கணும்யா, படுக்கணும்!"

சங்கிலிப் பூட்டை உதைத்துத் திறந்தார். சங்கிலி கடகடவென்று ஓடியது. கை விரித்து அளக்கிற கணக்கில் பத்து பாகம், இருபது பாகம். படகு இன்னும் பின்னால் போனது. ஆல்ட்ரின் கண்ணை மூடிக்கொண்டார். பாறைக்கு எட்டடி இருக்கும்போது சங்கிலி விறைத்தது. படகு ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

ஜெரோன் அதற்குள் இருக்கைக்கு அடியிலிருந்து இரும்புப் பெட்டியை இழுத்து, தன் முதுகுப் பைக்குள் இறக்கியிருந்தான். ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோகிற சதுரப் பை; காலையிலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"லேய்! அது டைல்ஸ் சாம்பிள்!"

"ஆமா சார். அதுல பதினோரு டைல்ஸ் எங்களுது."

"திருட்டுக் கேஸ் போடுவேன்! ஒருத்தனையும் விடமாட்டேன்!"

"போடுங்க சார்" என்றான் ஜெரோன். "என்ன காணோம்னு எழுதுவீங்க? அத மட்டும் சொல்லுங்க."

ஆல்ட்ரின் வாயைத் திறந்தார். வாந்திதான் வந்தது.

பிச்சை புறப்படும் முன் சங்கிலியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். "காத்து சாயங்காலம் விழும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. ரோட்டுல ஸ்கூட்டர் வந்தா ஐஸ் வாங்கி நெத்தியில வையிங்க."

டீசல் தீர இரண்டு விரல் இருக்கும்போது வடக்குத் துறைமுகம் வந்தது. வீட்டில் வைத்துப் பிச்சை உளியால் பூட்டை உடைத்தார். எல்லோரும் கூடி நின்றார்கள். பிரிஸ்கா ஒவ்வொன்றாகப் பெயர் வாசித்துக் கையில் கொடுத்தாள். தன்னுடையதைக் கடைசியாக எடுத்தாள். அடியில் இன்னும் ஒன்று இருந்தது. தோலுறை போட்டது. திறந்தால் ஆல்ட்ரினின் படம்!

வீடே சிரித்தது. "வச்சிருப்போம்" என்றார்கள். "புதன்கிழமை வரட்டும்." ஒரு பெண் அதை அரிசி டின்னில் போடச் சொன்னாள். பிரிஸ்கா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். பிச்சை தகர டப்பாவைத் திறந்து தாழ்ப்பாளை எடுத்தார். வாசல் கதவின் பழைய நாலு ஓட்டையிலும் திருகாணி கச்சிதமாக உட்கார்ந்தது.

காற்று தணிந்ததும், இருட்டும் முன்பே ஆல்ட்ரின் வந்துவிட்டார். தாழ்ப்பாளை இன்னும் யாரும் போட்டிருக்கவில்லை; அவர் தட்டவும் இல்லை. பழக்கப்படி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நடுவீட்டில் நின்றார். கைலியில் உப்பு பூத்திருந்தது.

"என் பாஸ்போர்ட்ட எடு."

"பத்திரத்துக்கு வச்சிருக்கோம் சார்" என்றான் ஜெரோன். பின்னால் யாரோ விசில் அடித்தார்கள்.

பிரிஸ்கா முன்னால் வந்தாள். தோலுறையை நீட்டினாள்.

"ஏ பிரிஸ்கா!" என்று ஜெரோன் கத்தினான்.

"இவன் செஞ்சதயே நாமளும் செய்யணுமா அண்ணே? அடுத்தவன் பாஸ்போர்ட் நமக்கு எதுக்கு? இந்தாங்க சார். எல்லாப் பக்கமும் இருக்கான்னு பாத்துக்கிடுங்க."

ஆல்ட்ரின் பிடுங்கிக்கொண்டார். கையில் வந்ததும் பழைய குரலும் வந்தது.

"நாளைக்கு அனுமதி ஆபீஸ்ல நான் என்ன சொல்றேன்னு பாரு!"

"வாங்க சார். ஒம்பது மணிக்கு. வரிசையில நான்தான் மொத ஆளு. புகார் நகலும் என்கிட்ட இருக்கும். வெளிய போங்க."

"இது என் வீடு!"

"வாடகை குடுக்கது நாங்க. போங்க."

பதினோரு பேரும் எழுந்து நின்றார்கள். யாரும் கை ஓங்கவில்லை. ஆல்ட்ரின் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து வாசலைத் தாண்டினார். பிரிஸ்கா கதவைச் சாத்தினாள். பிச்சையின் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.