பகலில் தெரியாத நெருப்பு

நிறுத்தி ஒரு மணி நேரமாகியும் இன்ஜின் சொட்டிக்கொண்டிருந்தது. ஹைட்ரஜனில் ஓடுவதால் புகைக்குப் பதில் நீராவிதான் விடும். புகைக்கவே தெரியாத அதற்கு ஆய்வுக்கூடத்தில் 'நல்லபிள்ளை' என்று பெயர். ஆனால் ஓடாத இன்ஜினில் தண்ணீர் ஏது?

ஆராய்ச்சிப் பொறியாளரான அவளுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. மேல் ஜன்னல்கள் வழியாக உச்சிவெயில் சோதனை அறைக்குள் கொட்டிக்கொண்டிருக்க, சுட்ட ரப்பரும் மசகெண்ணெயும் கலந்த வாடைக்கு நடுவே, பால் பொங்குவதற்குச் சற்று முன் பாத்திரம் போடும் சத்தம் போல மெல்லிய 'ஸ்ஸ்' ஒன்று எங்கிருந்தோ வந்து, நின்று, இடம் மாறி, மறுபடி வந்தது.

"அண்ணே, கேஸ அடைச்சாச்சா?"

பக்கத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து மெக்கானிக்கின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "அப்பவே அடைச்சாச்சும்மா. மீட்டரெல்லாம் சைபர்ல நிக்குது. பேசாம வெளிய வந்துடு."

வந்திருக்கலாம். ஆனால் நாளை இதைப் பேருந்தில் பொருத்துகிறார்கள். நாற்பது பேர் உட்காருவார்கள்.

நீளக் கைப்பிடி வைத்த துடைப்பத்தை எடுத்தாள். ஹைட்ரஜன் தீ வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. துடைப்பத்தை முன்னால் நீட்டியபடி நடக்க வேண்டும். நார் எங்கே பற்றுகிறதோ அங்கே நெருப்பு.

குழாய் இணைப்பில் காட்டினாள். ஒன்றுமில்லை. வால்வில் காட்டினாள். ஒன்றுமில்லை. அப்பாடா என்று திரும்பியபோது, அறையின் வெற்று நடுவில், அவள் நெஞ்சு உயரத்தில், நார் பற்றிக்கொண்டது.

அங்கே குழாயே கிடையாது.

தரையில் அடித்து அணைத்துவிட்டு மறுபடி நீட்டினாள். தலை உயரத்தில் பற்றியது. அதற்கு மேலே இல்லை. அடித்து அணைத்தாள். பக்கவாட்டில் நகர்த்தினாள். தோள் அகலம். அதற்கப்பால் இல்லை.

"அண்ணே..."

கதவை நோக்கிப் பின்வாங்கினாள்.

'ஸ்ஸ்'. இப்போது காதருகே.

மயிர் கருகும் வாடை. அவளுடைய இமை மயிர்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். மெக்கானிக் அவளைக் கட்டுப்பாட்டு அறைக்குள் இழுத்து, இரும்புக் கதவைச் சாத்தித் தாழிட்டார். கதவின் சிறு கண்ணாடியில் இருவரும் முகத்தைப் பதித்தார்கள்.

"உள்ள யாருமில்லம்மா. நீயே பாரு."

பார்த்தாள். எரியும் துடைப்பம் தரையில் கிடந்தது.

எழுந்தது.

நெஞ்சு உயரத்தில், நேராக நீட்டியபடி நின்றது. வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை காற்றைத் தடவிப் பார்த்தது. பிறகு கதவை நோக்கி, அடிமேல் அடி வைத்து, வரத் தொடங்கியது.