பதினொரு மாலைகள்

காலை ஐந்தரைக்குச் செலின் காதுக்குப் பின்னாலிருந்த சிறு மேட்டை அழுத்தினாள். மறுகணம் அவள் மிதவைத் துறைமுகத்தின் கப்பல் அட்டவணைக்குள் இருந்தாள். எந்தக் கப்பலை எந்த மேடைக்கு அனுப்புவது, எதை வெளியே நிறுத்திவைப்பது என்று மனம் திட்டம் போட்டுக்கொண்டிருக்க, உடல் தன்பாட்டுக்குப் பல் துலக்கியது, குளித்தது, எதையோ சமைத்துத் தின்றது, பேருந்து ஏறியது. அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் இரண்டும் ஒன்றுசேர்ந்தன. காலையில் என்ன தின்றாய் என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் இருக்காது.

அந்தக் கருவிக்குப் பிரிப்பான் என்று பெயர். சமையல், பயணம், வரிசையில் நிற்பது என்று மனிதனின் நாளில் ஆறு மணி நேரம் பாழாகிறது என்றும், அதை மீட்டுத் தருவதாகவும் சொல்லித்தான் அது வந்தது. வந்த ஏழே வருடத்தில், அது இல்லாதவர்களுக்கு மேசை வேலை கிடையாது என்றாகிவிட்டது. பிரிந்திருக்கும் நேரத்தில் உடல் நடக்கும், சிரிக்கும், எதிரே இருப்பவர் பேசினால் பழகிய சொற்களில் பதிலும் சொல்லும். ஆனால் அந்த நேரத்தின் நினைவு எங்கும் தங்காது. பாழ் நேரத்தை எதற்காகச் சேமிக்க வேண்டும்?

ஐப்பசியில் அவள் அண்ணன் அருளப்பன் ஆஸ்பத்திரியில் படுத்தார். படகு எஞ்சின் மெக்கானிக். அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் அவளை வளர்த்தவர். நுரையீரல் போய்விட்டது, கிறிஸ்துமஸ்வரை தாங்கலாம் என்றார் டாக்டர். அப்போது பார்த்துக் கடலில் புயல் மேல் புயல். துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் குவிந்து கிடந்தன. இந்த நெருக்கடி தீரட்டும், அப்புறம் ஒரு மாதம் விடுப்பு எடுத்து அண்ணன் பக்கத்திலேயே இருக்கலாம் என்று செலின் முடிவுசெய்தாள். அதுவரை தினமும் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை உடலை மட்டும் அனுப்பினாள். யாருமே போகாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே அண்ணன் அதைக் கேட்டுவிட்டார்.

"அந்த மிஷினப் போட்டுக்கிட்டு எங்கிட்ட வரமாட்டியே, ஏட்டி?"

"சும்மா கிடண்ணே. உங்கிட்ட வரும்போது அதப் போடுவனா?"

பன்னிரண்டாம் நாள் ஆறு மணிக்கு மனம் திரும்பியபோது அவள் வார்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு படிவம். அடியில் அவளுடைய கையெழுத்து, மை காயாமல். அண்ணனின் பெயரையும், அதற்குக் கீழே மாலை 4.50 என்று எழுதியிருந்ததையும் இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவைதான் அது என்ன படிவம் என்று உறைத்தது.

உள்ளே ஓடினாள். கட்டிலில் விரிப்பை உருவிவிட்டிருந்தார்கள். எப்படி நடந்தது என்று அவள் கேட்டதும் நர்ஸ் குழம்பிப்போய்ப் பார்த்தாள். கண்ணை மூடிவிட்டது, தாடையைக் கட்டியது எல்லாமே செலின்தான் என்றாள். கொஞ்சம்கூடப் பதறாமல் செய்ததாகவும் சொன்னாள்.

பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவி சண்முகத்தாய் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். உப்பளத்தில் வேலை செய்பவள். உப்பு வாருகிறவர்களுக்குப் பிரிப்பான் பொருத்த யாரும் வந்ததில்லை. பதினொரு நாளும் அண்ணன் செலினிடம் பேசிக்கொண்டே இருந்ததாகவும், எல்லாம் அவர்கள் இருவரின் அம்மாவைப் பற்றித்தான் என்றும் சண்முகத்தாய் சொன்னாள்.

அம்மா இறந்தபோது செலினுக்கு ஒன்றரை வயது. ஒரு படம்கூட இல்லை. வளர்ந்த பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அண்ணன் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விடுவார்.

"நான் என்ன சொன்னேன்?"

"'ம்'ன்னே. 'சரிண்ணே'ன்னே. வேற ஒண்ணுஞ் சொல்லல தாயி."

"நான் அங்க இல்லன்னு அவருக்குத் தெரியுமா?"

சண்முகத்தாய் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "மூணா நாளே தெரிஞ்சிக்கிட்டாரு. பொறவு எதுக்கு மூச்சத் தொலைக்கியன்னு நாந்தான் கேட்டேன். அவ இங்க இல்ல, ஆனா காது இங்கனதான கெடக்கு, எப்பமாவது உள்ள போவும்ன்னாரு."

செலின் வெளியே போய்ப் பிரிப்பான் பொருத்துபவர்களைப் போனில் கூப்பிட்டு, அந்த மாலைகளை மீட்க முடியுமா என்று கேட்டாள். எதிர்முனைக் குரல் மரியாதையாகப் பதில் சொன்னது: உடல்நேரம் எங்கும் பதிவாவதில்லை, மீட்க வழியும் இல்லை.

அவள் திரும்பி வந்து சண்முகத்தாயின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். ஞாபகம் இருக்கிறதையெல்லாம் சொல்லச் சொன்னாள். அந்தப் பெண்ணும் யோசித்து யோசித்துச் சொன்னாள். அம்மா சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாளாம். செருப்பு போடமாட்டாளாம். செலினைத் தூங்கவைக்க ஒரு பாட்டு வைத்திருந்தாளாம். அவளே கட்டிய பாட்டு. நேற்று அண்ணன் அதை இருமிக்கொண்டே முழுசாகப் பாடினாராம். செலின் மனதில் பிடித்துக்கொள்ளட்டும் என்று இன்னொரு தடவையும் பாடினாராம்.

"எப்படி அந்தப் பாட்டு?"

சண்முகத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு ஒரு தடவை அசைந்து நின்றது.

"அந்நேரம் பாத்து எங்க வீட்டுக்காரருக்கு மருந்து குடுத்துக்கிட்டிருந்தேன், வார்த்தையக் கவனிக்கல, தாயி," என்றாள்.