இரவல் அலறல்

கதாநாயகி வாயைத் திறக்கும் முன்பே அலறல் வந்துவிட்டது.

இரண்டு பிரேம் முந்தியிருக்கும் என்று நினைத்து, இயக்குநர் மேக்ஸ்வெல் எடிட்டிங் திரையில் ஒலியை நகர்த்தி அவள் வாயசைவோடு பொருத்தினான். மறுபடி ஓடவிட்டான். இந்த முறை அவள் வாய் மூடியே இருக்க, அலறல் மட்டும் ஸ்பீக்கரிலிருந்து எழுந்து, நாகலூர் எஸ்டேட் பங்களாவின் அந்த அறையைச் சுற்றிவந்து, சுவரில் ஊறிய ஈரவாடையோடு அவன் பிடரியில் படிந்தது. மாலை மணி நாலுதான். வெளியே சில்வர் ஓக் மரங்களை மூடுபனி விழுங்கியிருந்தது.

அந்த அலறல் கதாநாயகியுடையது அல்ல. காப்பிப் பழம் பறிக்கும் பூவாயியுடையது. படப்பிடிப்பில் கூட்டத்தில் ஒருத்தியாக நடிக்க வந்தவளை, கதாநாயகிக்குப் பதிலாகப் பாறை விளிம்பில் நிற்க வைத்தான்.

"ஏனுங்க, பாசி நொம்ப வழுக்குதுங்க," என்றாள்.

"இன்னும் ஓரடி பின்னால போம்மா."

போனாள்.

பிணத்தை மேலே கொண்டுவர இரண்டு நாள் ஆனது. சொல்லச் சொல்லக் கேட்காமல் அவளாகத்தான் போனாள் என்று போலீசிடம் சொன்னான். விழுந்த காட்சியை அழித்தான். அலறலை மட்டும் வைத்துக்கொண்டான். எந்த நடிகையாலும் அப்படி அலற முடியாது. கதாநாயகியின் முகம், பூவாயியின் குரல். போட்டுக் காட்டியபோது தயாரிப்பாளர் உறைந்துபோனார்.

இப்போது அந்த ஒலித்துண்டை நீக்கினான். அலறல் நின்றது. பிறகு மெல்ல, ஒரு மூச்சு. கல்லில் உரசும் சேலை. ஈரக் காலடி. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான்.

காலடி நிற்கவில்லை.

திரையில் கதாநாயகி இல்லை. பாறை மட்டும். விளிம்பைப் பற்றி ஒரு கை மேலே வந்தது. பிறகு பூவாயி.

பக்கத்து அறையில் உதவி எடிட்டர் ஷீனா இருந்தாள். அவளைக் கூப்பிட்டான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"ஷீனா," என்றாள் திரையில் பூவாயி. அவன் குரலில். "எனக்கு வேலை இருக்குது. யாரும் வராம வெளியே பூட்டிட்டு ஊட்டுக்குப் போ கண்ணு."

"சரிங்க சார்."

பூட்டு விழும் சத்தம். செருப்புச் சத்தம். கேட் சாத்தும் சத்தம்.

கதவை அடித்தான். கை வலித்தது. ஓசை இல்லை.

திரும்பினான். திரை முழுக்க அவள் முகம். தன் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினான். பல். ஈறு. வேறொன்றும் இல்லை.

பூவாயி வாயைத் திறந்தாள்.

உள்ளே, ஈரமாக, அவன் நாக்கு அசைந்தது.